விளையாட்டுக்குக் கூலி எதற்கு?

நிறைவே வடிவான இறைவன் இந்த உலகத்தைப் படைத்தது எதற்காக என்னும் கேள்வி, நம் தேசத்துத் தத்துவ சாஸ்திரங்கள் எடுத்து விசாரித்த மிகப் பழமையான கேள்விகளில் ஒன்று. ஒரு காரியத்தில் இறங்குகிறவன் ஏதேனும் ஒரு பிரயோஜனத்தை விரும்பியே இறங்குகிறான். பிரயோஜனத்தை விரும்புகிறவனிடத்தில் ஏதோ ஒரு குறை இருந்தே தீரவேண்டும். குறையுள்ளவன் ஈசுவரன் ஆகமாட்டான். ஆகவே ஈசுவரன் உலகைப் படைத்தான் என்பது பொருந்தாது என்று பூர்வபக்ஷக்காரர்கள் வாதித்தார்கள். பாதராயணர் தம்முடைய பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த ஆட்சேபத்தை எடுத்துக்கொண்டு, படைப்பு கேவலம் லீலையே என்று சமாதானம் சொன்னார். அதற்கு உரை வகுத்த சங்கரர், விரும்பியதையெல்லாம் பெற்று முடித்த அரசன் ஒருவன் விளையாட்டில் பொழுது போக்குவதையும், மூச்சு விடுவதும் வாங்குவதும் ஒரு பயனையும் நாடாமல் இயல்பாகவே நிகழ்வதையும் உதாரணமாகக் காட்டினார். சோழவளநாட்டுத் தேரழுந்தூரில் பிறந்த கம்பரும், தம் காவியத்தின் முதற் செய்யுளிலேயே, ஆக்கல் காத்தல் அழித்தல் என்ற முத்தொழிலையும் எல்லையற்ற விளையாட்டு என்றே போற்றித் தொடங்கினார்.

இந்தச் சமாதானத்துக்குள் ஒரு நம்பிக்கை பொதிந்திருக்கிறது. தனக்குப் புறம்பான ஒரு பலனையும் வேண்டாமல், செய்வதிலேயே நிறைவு காணும் செயல் ஒன்று உலகத்தில் உண்டு; அதை மனிதர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்; ஆகையால் ஈசுவரனிடத்திலும் அப்படியொரு செயல் இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொள்வார்கள் என்பதே அந்த நம்பிக்கை. நம் நாட்டில் அரசர்கள் இப்போது இல்லை. இருந்த காலத்திலும் எல்லா விருப்பமும் நிறைவேறப் பெற்ற அரசன் எவனாவது இருந்தானா என்பது சந்தேகம். ஆனால் வாசலில் மண்ணைக் குவித்துக் கலைத்து மறுபடியும் குவித்துக்கொண்டிருக்கும் நாலு வயதுக் குழந்தையை எந்த ஊரிலும் எந்த நாளிலும் பார்க்கலாம். லீலை என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்ள நமக்கு இன்று எஞ்சியுள்ள பிரத்யக்ஷப் பிரமாணம் அந்தக் குழந்தை ஒன்றே. குழந்தைகளுக்காக விளையாட்டு வகுத்துத் தருகிறவர்கள், தாங்கள் அறிந்தோ அறியாமலோ, சமய விசாரத்தின் எல்லைக்குள் பிரவேசிக்கிறார்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்படி விளையாட்டு வகுக்கும் வேலை இப்போது பெரும்பாலும் கணினி நிபுணர்களின் கைக்கு வந்திருக்கிறது. திருவாரூர் மாவட்டத்துக் குடவாசலில், அப்பா வயலுக்கோ கடைக்கோ போய்விட்ட பின், அம்மாவின் செல்போனை வாங்கிக்கொண்டு கூடத்துத் தூணில் சாய்ந்து உட்காரும் ஆறு வயதுச் சிறுமிக்கும், வெளிதேசத்து நகரம் ஒன்றில் அதே வயதில் இருக்கும் பையனுக்கும் ஒரே விளையாட்டு ஒரே நேரத்தில் கிடைக்கிறது. திரையில் ஒரு மரம் தெரியும். மரத்தில் மாம்பழங்கள் தொங்கும். எத்தனை பழங்கள் என்று ஒரு குரல் கேட்கும். குழந்தை விரலால் ஏழு என்ற எண்ணைத் தொட்டவுடன் மத்தாப்புப் போல நட்சத்திரங்கள் சிதறி, காசுகள் கலகலவென்று உண்டியலில் விழும். பத்துக் காசு சேர்ந்தால் கரடிக்குட்டிக்கு ஒரு தொப்பி வாங்கிப் போடலாம். தவறிவிட்டால் தாரை ஊதியது போல ஓர் அபசுரம் எழும். கரடிக்குட்டி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். சில நாட்களில் அந்தச் சிறுமி பழங்களை எண்ணுவதை விட்டுவிடுகிறாள். திரை காட்டும் மூன்று விடைகளில் ஏதேனும் ஒன்று சரியாகத்தானே இருக்க வேண்டும் என்று கண்டுகொண்டு, மூன்றையும் வரிசையாகத் தொட்டுத் தொப்பியைச் சம்பாதித்துக்கொள்கிறாள். அவளுடைய புத்திக்கூர்மையைக் குறை சொல்வதற்கில்லை. தொப்பிதான் பலன் என்று விளையாட்டே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: குழந்தை கற்கும் விளையாட்டில் பலன் இருக்க வேண்டிய இடம் எது? செயலுக்கு உள்ளேயா, செயலுக்கு வெளியிலா? படிப்புச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பற்றிய ஒரு சில்லறை விஷயமாக இது தோன்றலாம். கர்மத்துக்கும் அதன் பலனுக்கும் உள்ள சம்பந்தம் என்ன, பலனைத் தருவது யார் என்று நம் ஆசாரியர்கள் நூற்றாண்டுக் கணக்காக நடத்திய வாதமே இங்கே புது வேஷம் பூண்டு வந்திருக்கிறது.

மேல்நாட்டு மனோதத்துவ அறிஞர்கள் இதைப் பரீக்ஷித்தும் பார்த்திருக்கிறார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மழலையர் பள்ளி ஒன்றில் செய்த ஆராய்ச்சி 1973இல் வெளிவந்தது. வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே பிரியமுள்ள குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று பிரிவாக்கினார்கள். படம் வரைந்தால் தங்க நட்சத்திரமும் சிவப்பு நாடாவும் ஒட்டிய நற்சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு பிரிவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள்; இன்னொரு பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமலிருந்து, வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள்; மூன்றாம் பிரிவுக்குச் சொல்லவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண நேரத்தில் அந்தப் பேனாக்களை மறுபடியும் வைத்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறக்குறையப் பாதியே வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சேதம் நேரவில்லை. கெடுதல் செய்தது பரிசு அன்று, பரிசின் மேல் வைத்த சங்கல்பமே என்பதை இதைக் காட்டிலும் தெளிவாக ஒரு வேதாந்தியும் விளக்கியிருக்க முடியாது. காமிய கர்மம், நிஷ்காமிய கர்மம் என்று கீதையைக் கற்றவர்கள் பிரித்துச் சொல்வது, மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளிடத்தில், பேனாவும் காகிதமுமாக நிரூபணமாயிற்று.

இதற்கு நம் மரபிலிருந்தே வலுவான ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். சுவர்க்கம் கிடைக்கும், புத்திரசம்பத்து உண்டாகும் என்றெல்லாம் வேதமே பலனைக் காட்டித்தானே மனிதர்களைக் கர்மங்களில் பிரவர்த்திக்கச் செய்கிறது? தலபுராணங்களின் முடிவில் பலசுருதி இல்லாமல் இருக்கிறதா? இதற்குச் சாஸ்திரக்காரர்கள் குடஜிஹ்விகா நியாயம் என்று ஒன்று சொல்வார்கள். கசப்பு மருந்தைக் குடிக்க மறுக்கும் குழந்தையின் நாக்கில் தாய் முதலில் வெல்லத்தைத் தடவி, பிறகு மருந்தை ஊட்டுகிறாள். அதுபோலவே சாஸ்திரமும் சிறு பலன்களைக் காட்டி மனிதனை வசப்படுத்திப் பெரிய பலனுக்கு அழைத்துச் செல்கிறது என்பது அதன் கருத்து. தாயும் சாஸ்திரமும் செய்வதைக் கணினி விளையாட்டை வகுப்பவன் மட்டும் செய்யக்கூடாதா? காசும் நட்சத்திரமும் அவன் தடவும் வெல்லம் என்று வைத்துக்கொண்டால் என்ன குறை?

ஆட்சேபம் அழகானதுதான். ஆனால் அந்த நியாயத்தின் உயிர் வெல்லத்தில் இல்லை. மருந்தின் கசப்பில் இருக்கிறது. கசக்கும் என்று தாய்க்கு நிச்சயமாகத் தெரிந்ததனால் அவள் வெல்லத்தைத் தேடினாள். பாலுக்கு முன்னால் யாரும் வெல்லம் தடவுவதில்லை. எண்ணுவது கசப்பான வஸ்துவா? எழுத்தைக் கூட்டி ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பது கசப்பா? அப்படியென்றால் அதைக் குழந்தைக்குச் சொன்னது யார்? கணக்குக்கு முன்னால் காசைக் காட்டும் ஒவ்வொரு விளையாட்டும், கூலி கொடுத்தாலொழிய யாரும் தொடமாட்டாத பண்டம் கணக்கு என்ற அபிப்பிராயத்தை, வாய் திறந்து சொல்லாமலே குழந்தையின் மனத்தில் பதியவைத்துவிடுகிறது. மருந்தில் இல்லாத கசப்பை வெல்லமே உண்டாக்கிவிடும் விபரீதம் இது.

கணக்குக் கசப்பல்ல என்பதற்குச் சாட்சி தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. காவிரி தீரத்து வீடுகளில் இன்னும் சில பரண்களில் பல்லாங்குழிப் பலகை கிடக்கிறது. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து சோழியோ புளியங்கொட்டையோ போட்டு ஆட்டம் தொடங்கும். ஒரு குழியிலுள்ளதை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளதை அள்ளி மேலும் ஆட வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு அதற்கப்பால் உள்ள காய்களை எடுத்துக்கொள்ளலாம். ஆடும்போது தன் குழி எதிலாவது நாலு காய் சேர்ந்துவிட்டால் அது பசு, குழிக்குரியவள் எடுத்துக்கொள்வாள். ஐந்து வயதுப் பேத்தி வெறுமனே காய்களை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டு போவாள். எட்டு வயதுப் பேத்தி எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று கையை வைக்காமல் கண்ணாலேயே ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டுத்தான் அள்ளுவாள். கூட்டலும் கழித்தலும் ஐந்தைந்தாகப் பகுத்தலும் அதற்குள் நடந்து முடிந்துவிடுகின்றன. சரி என்று சொல்ல அங்கே ஒரு குரல் இல்லை. கணக்குத் தப்பினால் பாட்டி அடுத்த கையில் அள்ளிவிடுவாள். தப்பு தப்பென்று தானே தெரிந்துவிடும்.

தப்பைத் தப்பென்று பொருளே காட்ட வேண்டும், ஆசிரியர் காட்டக்கூடாது என்பதைக் கல்விமுறையின் அஸ்திவாரமாகவே வைத்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1939ஆம் ஆண்டு நவம்பரில் பிரம்மஞான சபையாரின் அழைப்பின்பேரில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். யுத்தம் மூண்டு, இத்தாலி எதிரணியில் சேர்ந்ததனால் ஊர் திரும்ப முடியாமல், 1946 வரை இத்தேசத்திலேயே தங்கிப் பணி செய்தார். அவர் வகுத்த கருவிகளில் ஒன்று, வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகள் பத்தைப் பத்துத் துளைகளில் பொருத்தும் கட்டை. ஓர் உருளையைத் தன் துளையை விட்டுப் பெரிய துளையில் வைத்தாலும் அப்போது ஒன்றும் ஆகிவிடாது. கடைசியில் கையிலே ஓர் உருளை மிஞ்சும், அது புகத் துளை இருக்காது. குழந்தை திகைத்து, எல்லாவற்றையும் எடுத்து, மறுபடியும் பார்க்கத் தொடங்கும். அந்தத் திகைப்புத்தான் பாடம். அபசுரம் எழுப்பும் செல்போனோ, திகைப்பதற்கே அவகாசம் கொடுக்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று நெட்டுருப் போட்டார்கள். அந்த முறையில் பிரம்புக்குப் பஞ்சமில்லை. அதைப் புகழ்வது என் நோக்கமன்று. ஆனால் நெல்லிலக்கத்தில் வரும் ஒரு வரிசையைக் கவனியுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். எட்டும் மும்முறை இரட்டித்ததே ஆகையால், கடைசிப் படி ஒன்று நீங்கலாக எல்லாம் இரட்டித்தலாலேயே ஏறுகிறது. கணினி தன் அந்தரங்கத்தில் போடும் கணக்கும் இதே இரட்டைக் கணக்குத்தான். வாசலில் பாட்டி போடும் புள்ளிக்கோலத்தையும், தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவர் துணைவியார் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் கணினி இலக்கணத்தால் வருணித்து 1974இல் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். மரக்காலும் கோலப்புள்ளியும் உள்ள மண்ணில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு என்பது அந்நியச் சரக்கு அல்ல. அதை விளையாட்டாக்க விரும்புகிறவர் கரடிக்குட்டியின் தொப்பிக்குப் போகவேண்டிய அவசியமும் இல்லை.

போதனைக்காகவே வகுத்த விளையாட்டு நம் நாட்டுக்குப் புதிதும் அன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக வீடுதோறும் விரிக்கும் பரமபத சோபான படத்தைப் போல, ஒரு சமயக் கொள்கை முழுவதையும் ஒரே தாளில் அடக்கிய கல்விக் கருவி வேறு இருக்குமா என்று நான் ஐயுறுகிறேன். புண்ணியங்கள் ஏணிகள், பாவங்கள் பாம்புகள், பாம்புகளுக்கு அசுரர்களின் பெயர், உச்சியில் வைகுண்டம், அதற்குச் சற்றுக் கீழே ஏறியவனை அடிமட்டத்துக்கே இழுத்துவிடும் பெரும் பாம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த விளையாட்டு இங்கிலாந்துக்குப் போய், நாளடைவில் புண்ணிய பாவங்களின் பெயர்களை உதிர்த்துவிட்டு வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது.

பெயர்கள் உதிர்ந்தாலும், அதன் உள்ளிருக்கும் தத்துவம் உதிரவில்லை. அது தாயக்கட்டையில் இருக்கிறது. ஏணியடிக்கு வந்தவன் தன் முயற்சியால் வந்தவனல்லன். பாம்பின் வாயில் விழுந்தவனும் தன் குற்றத்தால் விழுந்தவனல்லன். கட்டை உருள்கிறது, காய் நகர்கிறது. ஊழையும் அருளையும் ஒரு குழந்தைக்கு உணர்த்த இது சிறந்த சாதனமாக இருக்கலாம்; எண்ணையும் எழுத்தையும் உணர்த்த இது உதவாது. ஒரு விளையாட்டில் எவ்வளவு பங்கு கட்டைக்கு, எவ்வளவு பங்கு முயற்சிக்கு என்று தீர்மானிப்பதே விளையாட்டை வகுப்பவன் எடுக்கும் முதல் முடிவு; விதி பெரிதா மதி பெரிதா என்ற கேள்விக்கு அவன் குழந்தையிடம் சொல்லும் விடை அதுவே. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007 முதல் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையிலும் ஓர் ஏணி இருந்தது. பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, படிப்படியாக ஓர் ஏணிப்படம் வரைந்து சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் படி எது என்று தானே பார்த்து, தனக்குரிய அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். காய்ச்சலில் பத்து நாள் படுத்துவிட்டு வந்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே ஏறலாம். அந்த ஏணியில் பாம்பு இல்லை. அம்முறையின் நிறைகுறைகளைப் பற்றிக் கல்வியாளர்களிடையே பல அபிப்பிராயங்கள் உண்டு. ஆனால் பாம்பை நீக்கியதும், கட்டையைக் குழந்தையின் கையிலிருந்து வாங்கிவிட்டு அட்டையைக் கொடுத்ததும் தத்துவரீதியாக மிகப் பெரிய காரியங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனி, பலனைத் தருவது யார் என்ற கேள்விக்கு வருவோம். கர்மமே அபூர்வம் என்ற ஒரு சக்தியை உண்டாக்கி, காலம் வரும்போது தன் பலனைத் தானே தந்துவிடும், இடையில் ஈசுவரன் வேண்டியதில்லை என்பது மீமாம்சகர்களின் கொள்கை. வினை சடம், சடத்துக்கு இன்னாருக்கு இன்ன பலன் என்று அறிந்து கொடுக்கும் ஆற்றல் இல்லை, ஆகையால் வினைப்பயனை அறிந்து ஊட்டுபவன் இறைவனே என்பது சைவ சித்தாந்தம். கணினி விளையாட்டை வகுப்பவன் சித்தாந்தியின் ஈசுவரனைப் போல எங்கும் இருந்து ஒவ்வொரு தொடுதலையும் அறிகிறவன். ஆனால் குழந்தைக்கோ, மீமாம்சகனின் உலகத்தைப் போல, செயலிலிருந்து பலன் தானே விளைவதாகத் தோன்றவேண்டும். இந்த இரண்டும் எப்படிப் பொருந்தும்?

சைவ சித்தாந்தத்தின் மெய்கண்டார் மரபில் இதற்கு விடை இருக்கிறது. இறைவனுடைய தொழில்கள் ஐந்து என்று அம்மரபினர் எண்ணும்போது, படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் என்ற நான்கோடு மறைத்தல் என்று ஒன்றையும் சேர்த்தார்கள். திரோதானம் என்று அதற்குப் பெயர். உயிர் உலக அனுபவத்தில் முழுமையாக ஈடுபட்டு, இன்பதுன்பங்களை நுகர்ந்து, மலம் முதிர்ந்து கழலும் பக்குவம் அடையவேண்டுமானால், இறைவன் தன்னை மறைத்துக்கொண்டு நிற்கவேண்டும். எடுத்த எடுப்பிலேயே தோன்றிவிட்டால் பக்குவப்பட ஒன்றும் இராது. மறைத்தலும் அருளின் வகையே என்று சித்தாந்த நூல்கள் கூறுவதன் ஆழம், குழந்தைக்கு ஒன்றைக் கற்பிக்க முயன்றவர்களுக்கு உடனே விளங்கும். விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது, உதவக் கை துடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது, தப்பு நேரும் என்று கண்டும் அதைக் குழந்தையே காணும்வரை பொறுத்திருப்பது ஆகிய இவைதாம் ஆசிரியனுடைய திரோதானம். நட்சத்திரத்தைச் சிதறவிட்டு, காசைக் கலகலத்து, "நன்று, நன்று" என்று ஓயாமல் கூவும் விளையாட்டு, தன்னை மறைக்கத் தெரியாத விளையாட்டு.

மறைக்கத் தெரிந்த விளையாட்டுகளும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரரான புரூனோ கூதுவான் என்பவர் 2000ஆம் ஆண்டில் தொடங்கி, பல தேசத்துத் தன்னார்வலர்கள் கைகோத்து வளர்த்துவரும் ஜிகாம்பிரி என்ற மென்பொருள் தொகுப்பு, இரண்டு முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது, விலையில்லாதது. அதில் கால்வாய் மதகுகளை இயக்கும் ஒரு விளையாட்டு உண்டு. மேட்டு நீருக்கும் தாழ்ந்த நீருக்கும் நடுவில் ஒரு தொட்டி; தொட்டிக்கு இருபுறமும் கதவுகள்; அடியில் சிறு மதகுகள். ஒரு பென்குவின் படகோடு காத்திருக்கிறது. பெரிய கதவைத் திறக்கப் பார்த்தால் அது அசையாது. சிறு மதகைத் திறந்து, இரு பக்கத்து நீரும் ஒரே மட்டம் ஆனபின்தான் கதவு திறக்கும், படகு நகரும். விதியை யாரும் சொல்லித்தருவதில்லை, நீர்மட்டம் சொல்கிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்ற பேச்சைக் கேட்டுக்கொண்டே வளரும் டெல்டாப் பிள்ளைக்கு இந்த விளையாட்டு எவ்வளவு சொந்தமாக இருக்கும்! ஒரு வாய்க்கால், ஐந்து வயல், ஐந்து மடை. மேல்மடையை அதிகம் திறந்தால் கடைமடைப் பயிர் வாடும் என்று நம் ஊருக்கே உரிய விளையாட்டு ஒன்றை நம் நிபுணர் ஒருவர் வகுத்தால், அதில் பங்கிடுதலும் பின்னமும் தருமமும் ஒன்றாகவே கற்பிக்கப்படும். வாடிய பயிரைக் காட்டிலும் தெளிவான அபசுரம் அதற்கு வேண்டியிராது.

பக்குவத்துக்கேற்ற உபதேசம் என்பதும் சித்தாந்தம் வற்புறுத்தும் விஷயம். அருள் பதியும் நிலையை மந்தம், மந்ததரம், தீவிரம், தீவிரதரம் என்று நான்காகப் பகுத்தார்கள். 2022 ஜூன் மாதத்தில் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பகுத்துப் பாடம் நடத்தினார்கள். அரும்பைத் தோல்வி என்றோ மலரை வெற்றி என்றோ சொல்லாமல், மூன்றும் ஒரே செடியின் காலபேதங்கள் என்று வைத்தது நல்ல எண்ணம். கணினிக்கு இங்கே ஒரு தனிச் சிறப்பு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் நிலைக்கும் தக்கபடி கேள்வியைக் கூட்டவும் குறைக்கவும் முடியாது. இயந்திரம் சலிக்காமல் செய்யும். நூறு முறை தப்புச் செய்தாலும் அது முகம் சுளிக்காது. பக்கத்துப் பையன் சிரிக்கவும் வழியில்லை. கூச்சமுள்ள குழந்தைக்கு அது பெரிய ஆறுதல்.

ஆனால் திரைக்கு எல்லையும் உண்டு. விஜயதசமியன்று பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூர்ச் சரஸ்வதி சந்நிதியில், தகப்பன் மடியில் உட்கார்ந்து, தட்டில் பரப்பிய நெல்லில் அகரம் எழுதும் குழந்தையின் விரலுக்கு நெல்லின் முனை உறுத்துகிறது. கோடு இழுக்கச் சற்றுப் பலம் வேண்டியிருக்கிறது. எழுத்துக் கோணினால் கையால் தடவி மறுபடியும் எழுதலாம், கோணியதற்கு ஒரு பதிவும் இல்லை. கண்ணாடித் திரையில் எல்லா எழுத்தும் ஒரே வழவழப்பு. தவறுகள் எல்லாம் எங்கோ கணக்கில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இரண்டு முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைகள் ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரலாகாது என்றும், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியிருக்கிறது. கணினி விளையாட்டு எவ்வளவு உயர்ந்ததானாலும், நெல்லுக்கும் மணலுக்கும் புளியங்கொட்டைக்கும் அடுத்த இடமே அதற்கு உரியது.

இவ்வளவும் குழந்தையின் பலனைப் பற்றி. விளையாட்டை வகுப்பவனுடைய பலன் என்ன என்பதையும் கேட்காமல் விடமுடியாது. குடவாசலுக்குப் பெயர் தந்த கதையே இதற்கு விடை சொல்கிறது. தாய் விநதையை அடிமைத்தனத்திலிருந்து மீட்பதற்காகக் கருடன் தேவலோகத்திலிருந்து அமுதகுடத்தைக் கொண்டுவந்தான். வரும் வழியில் அசுரனோடு போரிட நேர்ந்து, குடத்தைப் புற்றின் மேல் வைத்தான் என்றும், மறைந்த குடத்தைத் தேடிப் புற்றை மூக்கால் கிளறியபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்றும், அதுவே கோச்செங்கட் சோழன் மாடக்கோயில் எடுத்த கோணேசுவரர் தலம் என்றும், சம்பந்தர் பாடிய இத்தலத்தின் புராணம் கூறுகிறது. ஆனால் மகாபாரதத்தின் ஆதிபர்வம் இக்கதையில் வேறொன்றைச் சிறப்பித்துச் சொல்கிறது. அமுதம் கையில் இருந்தும் கருடன் அதில் ஒரு துளியும் அருந்தவில்லை. அந்த நிராசையைக் கண்டு மெச்சியே திருமால் அவனுக்கு வரம் அளித்தார். குழந்தைகளின் விளையாட்டு ஆசை, அதைச் சுமந்து செல்பவர்களின் கையில் இருக்கும் அமுதகுடம். எத்தனை நிமிஷம் குழந்தையைத் திரையில் கட்டிவைத்தோம், எத்தனை முறை திரும்பி வரவழைத்தோம், எத்தனை விளம்பரம் காட்டினோம் என்று எண்ணி லாபம் பார்க்கும் வியாபாரி, வழியிலேயே குடத்தைத் திறந்து குடிக்கிறான். தொழிலுக்கு ஊதியம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குழந்தை கற்றதா என்பதை விட்டுவிட்டு, குழந்தை எவ்வளவு நேரம் விடாமல் இருந்தது என்பதையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்வது தருமமாகாது. நல்ல கல்வி விளையாட்டு, குழந்தைக்கு அந்தப் பாடம் வந்துவிட்டபின், தன்னைத் தேவையற்றதாக்கிக் கொள்ள வேண்டும்.

பெற்றோர்களும் ஆசிரியர்களும் ஒரு விளையாட்டைக் குழந்தையின் கையில் கொடுக்குமுன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதற்குக் கணினி ஞானம் வேண்டியதில்லை. அந்த விளையாட்டிலுள்ள காசு, நட்சத்திரம், தொப்பி, கைதட்டல் எல்லாவற்றையும் மனத்தால் நீக்கிவிட்டு, மிஞ்சியதைப் பாருங்கள். மதகு மிஞ்சுகிறதா, புள்ளிகள் மிஞ்சுகின்றனவா, கண்டுபிடிக்க வேண்டிய ஏதேனும் ஒன்று மிஞ்சுகிறதா? மிஞ்சினால் கொடுங்கள். ஒன்றும் மிஞ்சவில்லையானால் அது விளையாட்டன்று, கூலி வேலை. ஆறு வயதுப் பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்பாதீர்கள்.